கண் தெரியும்போதே காட்ட வேண்டிய வருத்தம்

போன மாதம் மேல் டிவிசனிலிருந்து ஒரு அம்மா நம்மிடம் வந்தார். பத்து வருசமாகச் சீனி வருத்தம். கொழுந்து எடுக்கும்போது அரும்பு எது, முற்றின இலை எது என்று பிரித்துத் தெரியவில்லையாம். "கண்ணுல வெள்ளை விழுந்திருக்கும் ஐயா, ஒப்பரேசன் பண்ணினா சரியாப் போயிரும்" என்றார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் வெள்ளை இல்லை. உள்ளே விழித்திரையில் இரத்தம் கசிந்து, ஒரு கண்ணில் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. மூன்று வருசத்துக்கு முன்பே கண் கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் போகவில்லை என்று கேட்டோம். "அப்ப நல்லாத்தானே தெரிஞ்சிச்சு. ஒரு நாள் பேரை விட்டுட்டு எதுக்குப் போறது?" என்றார். நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

வெள்ளை விழுவது கண்ணின் முன்பக்கத்து வில்லையில். அதை எடுத்துவிட்டு வேறு வில்லை வைக்கலாம். விழித்திரை கண்ணின் பின்சுவரில் இருக்கிறது. அதை மாற்ற முடியாது. அதன் நடுவில் உள்ள சிறு இடத்துக்கு மக்குலா என்று பெயர். ஊசியில் நூல் கோர்ப்பதும், சம்பளத் துண்டை வாசிப்பதும் அந்த இடத்தால்தான். இரத்தத்தில் சீனி கூடிக்கிடந்தால் விழித்திரையின் மெல்லிய இரத்தக் குழாய்கள் கசியும், அடைபடும். பிறகு புதிதாகப் பலமில்லாத குழாய்கள் முளைத்து, ஒருநாள் உடையும். அதுவரை வலி இருக்காது, மங்கலும் தெரியாமல் இருக்கலாம். ஏமாற்றுகிற வருத்தம் இது.

இதற்கான வைத்தியம் வந்த கதை கொஞ்சம் விசித்திரமானது. 1945இல் ஜெர்மனியில் சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்த சிலருக்கு மக்குலாவில் சூட்டுத் தழும்பு விழுந்தது. அதைப் பார்த்த மேயர்-ஷ்விக்கெராத் என்ற கண் டாக்டர், வெளிச்சத்தால் தழும்பு உண்டாகுமென்றால் அதே வெளிச்சத்தை வைத்தியத்துக்கும் பயன்படுத்தலாமே என்று யோசித்தார். முதலில் சூரிய வெளிச்சத்தையே கண்ணாடிகளால் திருப்பிக் கண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு அதற்கென்று விளக்கு வந்தது, அதன்பின் லேசர் வந்தது.

ஆனால் சீனிக்காரரின் கண்ணைச் சுட்டால் நன்மையா, கெடுதலா? டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 1970களில் அமெரிக்காவின் தேசிய கண் நிறுவனம் ஒரு பெரிய பரிசோதனை நடத்தியது. 1,700க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்கு மட்டும் வைத்தியம். எந்தக் கண் என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோலத் தீர்மானித்தார்கள். ஒரே ஆளின் இரண்டு கண் என்றால் வயது, சீனி, பிரஷர் எல்லாம் ஒன்றுதானே! வித்தியாசம் வந்தால் அது வைத்தியத்தால் வந்தது. இரண்டு வருசத்தில், வைத்தியம் செய்யாத கண்களில் நூற்றுக்கு 16 கண் பார்வையை மோசமாக இழந்தன. செய்த கண்களில் 6தான். 1976இல் இது தெரிந்ததும், முடிவு வரை காத்திராமல், ஆபத்து அதிகமுள்ளவர்களின் மற்றக் கண்ணுக்கும் வைத்தியம் செய்ய அனுமதித்தார்கள். 1985இல் வெளியான இன்னொரு பரிசோதனை, மக்குலா வீங்கினவர்களுக்கும் லேசர் பார்வை இழப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்று காட்டியது. இன்று கண்ணுக்குள் போடும் ஊசி மருந்தும் உண்டு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், முதலில் மரத்துப்போக மருந்து போடுவார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. லேசர் பெரும்பாலும் இருக்கிற பார்வையைக் காக்கும், போனதைத் திருப்பித் தராது. பக்கப் பார்வையும் இரவுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். சீனியும் பிரஷரும் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் லேசர் மட்டும் காப்பாற்றாது.

ஆகவே சீனி வருத்தம் உள்ளவர்கள், கண் நன்றாகத் தெரிந்தாலும், வருசம் ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகை வாசித்தது போதாது. சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரித்து, உள்ளே பார்க்க வேண்டும். சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் உள்ளது மங்கும். தனியாகப் போகாதீர்கள், வளர்ந்த பிள்ளையையோ பக்கத்து லயத்து ஆளையோ கூட்டிப் போங்கள். குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக் துண்டு கிடைத்தவுடன் நம்மிடம் காட்டுங்கள், அன்றைய லீவு விசயத்தை முன்கூட்டியே ஒபீசில் பேசுகிறோம். மேல் டிவிசன் அம்மாவுக்கு மற்றக் கண்ணில் லேசர் போட்டாயிற்று. அடுத்த தவணைக்கு அவர் மகனும் கூடப் போகிறான், அவனுக்கும் சீனி இருக்கிறது.