ஐம்பதுக்குப் பின்னும் உடலைத் தரிசாக விடாதீர்கள்

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் ஏ-32 வீதியோரத்தில் உள்ள இலுப்பைக்கடவையிலும் அதன் அயற்கிராமங்களிலும் இன்று ஐம்பது, அறுபது வயதில் இருப்போரில் பலர் இளமையிலே மண்வெட்டியும் கையுமாக வாழ்ந்தவர்கள். வரம்பு கட்டினார்கள். சூடு மிதித்தார்கள். நெல் மூடையைத் தோளிற் சுமந்தார்கள். தாய்மார் நாற்று நட்டார்கள்; குடத்தில் நீர் சுமந்தார்கள். "உடற்பயிற்சி" என்ற சொல்லே அன்று அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

பின்னர் இடப்பெயர்வு வந்தது. தொண்ணூறுகளில் மடுவிலும் வேறு இடங்களிலும் கொட்டில்களில் வாழ்ந்தோம். 2008இல் போர் இந்த வீதி வழியே வடக்கே நகர்ந்தபோது, அதற்கு முன்னாலே கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் ஓடினோம். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைபட்டோம். அந்த முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. முகாமில் நிவாரண அரிசியும் மாவும் சீனியும் கிடைத்தன; செய்வதற்கு வேலை கிடைக்கவில்லை. உழைத்துப் பழகிய உடல் மாதக்கணக்கில் வரிசையில் நின்றது. மற்ற நேரம் கூடாரத்துக்குள் குந்தியிருந்தது.

திரும்பி வந்தவர்களுள் பலர் சொல்வது ஒன்றே: "முந்தின மாதிரி ஏலாது." சிலருக்கு முழங்கால் நோகிறது. சிலருக்கு இடுப்புப் பிடிக்கிறது. சிலருக்கு நீரிழிவும் குருதி அமுக்கமும் வந்துவிட்டன. இது வயதின் குற்றம் மட்டுந்தானா?

வயது ஒரு பங்கு, ஓய்வு ஒரு பங்கு

நாற்பது வயதளவில் தொடங்கி எமது தசை சிறிது சிறிதாகக் குறைகிறது. அறுபதுக்குப் பின் இன்னும் விரைவாகக் குறைகிறது. இதை முற்றாக நிறுத்த முடியாது. ஆனால் பயன்படுத்தாத தசை பயன்படுத்தும் தசையை விட மிக வேகமாகத் தேய்கிறது. தசை தேய்ந்தால் மூட்டின்மேல் பாரம் கூடுகிறது. நாம் உண்ணும் மாப்பொருள் சீனியாக மாறி இரத்தத்தில் கலக்கும்போது அதில் பெரும்பங்கை உறிஞ்சுவது தசையே. ஆகவே தசை குறைந்து அசைவும் குறைந்தவருக்கு நீரிழிவு எளிதில் வருகிறது.

1953ஆம் ஆண்டில் ஜெரமி மொறிஸ் என்ற மருத்துவர் இலண்டன் மாநகரப் பேருந்து ஊழியரைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டார. நாள் முழுவதும் இருந்தபடி வண்டி ஓட்டிய சாரதிகளை விட, இரட்டைத்தட்டுப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துனர்களுக்கு இருதய நோய் குறைவாக இருந்தது.

இனி ஏலாது என்று இருப்போர் இன்னொரு செய்தியையும் அறிய வேண்டும். 1990இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 90 வயதளவான சிலருக்கு எட்டுக் கிழமை காற்தசைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுடைய கால்களின் பலம் இரண்டு மடங்குக்கு மேலாகியது. தொண்ணூறில் முடிந்தது ஐம்பத்தைந்தில் முடியாதா?

தரிசு நிலத்தை எப்படி உழுவீர்கள்?

பல வருடம் தரிசாய்க் கிடந்த வயலை எவரும் முதல் நாளிலேயே ஆழ உழுவதில்லை. பற்றை வெட்டி, மழை பார்த்து, மேலாக உழுது, பின்னரே ஆழமாக உழுவோம். உடலும் அப்படித்தான். காலபோகம் தொடங்கும் நாளில் திடீரென்று எட்டு மணித்தியாலம் மண்வெட்டி பிடித்துவிட்டு, அடுத்த கிழமை முழுவதும் பாயிற் கிடப்பவர் செய்யும் பிழை இதுவே. மழைக்கு ஒன்றரை மாதம் முன்பே உடலைப் பழக்க வேண்டும்.

நடை: முதற் கிழமை நாளுக்குப் பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு கிழமையும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். கிழமையில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி என்ற அளவை எட்டுவதே இலக்கு. உலக சுகாதார நிறுவனமும் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம் என்றே கூறுகிறது. நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும். பாட முடியாதிருக்க வேண்டும். அதுவே சரியான வேகம். சைக்கிள் ஓட்டுவதும் நன்று. வெயில் ஏறுமுன் நடவுங்கள்.

கதிரைப் பயிற்சி: கதிரையில் அல்லது வாங்கில் இருந்து, கை ஊன்றாமல் எழும்பி, மெதுவாக மீண்டும் இருங்கள். எட்டுத் தடவை. சற்று ஆறி மீண்டும் எட்டு. இது தொடையைப் பலப்படுத்தி முழங்காலைக் காக்கும். கிழமைக்கு இரண்டு மூன்று நாள் செய்தால் போதும்.

சுவர்ப் பயிற்சி: சுவரிலிருந்து ஓர் எட்டுத் தள்ளி நின்று, இரு கைகளையும் ஊன்றி, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவருக்குக் கிட்டக் கொண்டு சென்று, திரும்பத் தள்ளுங்கள். கையும் தோளும் உரம் பெறும்.

ஒற்றைக்கால் நிலை: கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் பத்து விநாடி நில்லுங்கள். பின் மற்றக் கால். வரம்பில் வழுக்கி விழாமல் காப்பது இப்பயிற்சியே. முதுமையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோர் பலர் பழையபடி நடப்பதில்லை என்பதை மறவாதீர்கள்.

வேலையிலும் கவனம்

மூடையையோ வாளியையோ தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள். பாரத்தை உடலோடு அணைத்துப் பிடியுங்கள். ஒரு பெரிய வாளியைவிட இரு கைக்கும் இரண்டு சிறிய வாளி நல்லது. மண்வெட்டியின் பிடி கட்டையாக இருந்தால் இடுப்பு நோகும். நீளமான பிடி போடுங்கள். அரைமணிக்கு ஒருதரம் நிமிர்ந்து நின்று தண்ணீர் குடியுங்கள். வெயிலில் தண்ணீரின்றி உழைப்பது சிறுநீரகத்துக்குக் கேடு. நோ வந்தவுடன் கடையில் நோவுக்குளிசை வாங்கி நாள்தோறும் விழுங்குவதும் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். வைத்தியரைக் கேளாமல் அப்படிச் செய்ய வேண்டாம்.

சாப்பாட்டில்

தசைக்குப் புரதம் வேண்டும். எமது கரையில் மீனுக்குக் குறைவில்லை. நெத்தலி போன்ற சிறுமீனை முள்ளோடு உண்டால் எலும்புக்கும் நல்லது. மீன் இல்லாத நாளில் பயறு, கடலை, முட்டை சேருங்கள். முருங்கையிலை வேலியிலேயே உண்டு. நாளுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி என்றால் பத்துக் கரண்டி ஆகிறது. முகாமிற் பழகிய இந்த வழக்கத்தை மெல்ல மெல்லக் குறையுங்கள். உப்பு நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேற்படக் கூடாது. கருவாட்டில் உள்ள உப்பையும் இதில் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

தொடங்குமுன்

நாற்பதைக் கடந்த எவரும் அரச வைத்தியசாலையில் குருதி அமுக்கத்தையும் சீனியையும் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். நோய்க்கு மருந்து எடுப்போர் வைத்தியரைக் கேட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள். மருந்தை நிறுத்த வேண்டாம். வேலையின்போது நெஞ்சு இறுகினால், இடது கைக்கோ தாடைக்கோ நோப் பரவினால், மூச்சு முட்டிக் குளிர்வியர்வை வந்தால் உடனே வேலையை விட்டு 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.

இன்று உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன. பிள்ளைகள் பலர் வெளியிடங்களிலும் வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள். காணியைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்களே. அவர்கள் பாயில் விழுந்தால், மீட்ட நிலம் மீண்டும் பற்றையாகும். இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் பிறர் வளவில் இருப்போருக்கும் இதையே சொல்கிறோம்: காணி கிடைக்கும் நாளில் அதிலே இறங்கி நிற்கக் கால் வேண்டும். ஆகவே இன்று பின்னேரம் அயலவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடந்து பாருங்கள். இருவராய்த் தொடங்கினால் இடையில் விட மனம் வராது.