வக்கீல் இல்லாமல் நாமே வழக்கைப் பார்க்கலாமா?

பாக்கி வசூல், காசோலை திரும்புதல், வாடிக்கையாளர் புகார் ஆகியவை இல்லாத மளிகை வியாபாரம் கிடையாது. இப்படி ஒன்று வந்தவுடன், "வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் மிச்சம், நாமே எழுதிப் போட்டுவிடலாம்" என்று பல வணிகர்கள் நினைக்கிறார்கள். இதைச் சட்டம் தடுக்கவில்லை. தன் வழக்கைத் தானே நடத்த எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் சிறிய தவறு ஒன்றால் முழுப் பாக்கியும் போகக்கூடிய இடங்கள் சில இருக்கின்றன. அவற்றை இங்கே பார்ப்போம்.

திரும்பி வந்த காசோலை

நம்மவர்கள் அதிகமாகச் சிக்குவது இதில்தான். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138ஆம் பிரிவு சேர்க்கப்பட்டு, 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. குற்றம் நிரூபணமானால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆனால் இந்தப் பிரிவின் பலன் கெடு தவறாதவருக்குத்தான் கிடைக்கும்.

1. காசோலையைத் தேதியிட்ட 3 மாதத்துக்குள், அதாவது அது செல்லுபடியாகும் காலத்துக்குள், வங்கியில் போட வேண்டும்.

2. பணமில்லை என்று வங்கி தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

3. நோட்டீஸ் கைக்குக் கிடைத்த பின் பணம் கட்ட எதிர்த்தரப்புக்கு 15 நாள் அவகாசம் உண்டு.

4. அந்த 15 நாள் முடிந்த பிறகு ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும்.

உதாரணமாக, வங்கியின் ரிட்டர்ன் மெமோ மார்ச் 5 அன்று கிடைத்தால் ஏப்ரல் 4க்குள் நோட்டீஸ் போக வேண்டும். எதிர்த்தரப்பு அதை ஏப்ரல் 8 அன்று வாங்கினால், ஏப்ரல் 23 வரை அவருக்கு அவகாசம். ஏப்ரல் 24 அன்று நமக்கு வழக்குரிமை பிறக்கிறது. மே 24க்குள் புகார் போட வேண்டும்.

தாமதம் மட்டும்தான் கெடுதல் என்று எண்ண வேண்டாம். அவசரமும் கெடுதல். 15 நாள் முடியும் முன்பே தாக்கல் செய்த புகார் சட்டப்படி புகாரே அல்ல என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. தாமதமான புகாரையாவது தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் ஏற்கலாம். 30 நாள் தாண்டிய நோட்டீசுக்கு அந்தச் சலுகை இல்லை.

நோட்டீசின் வாசகமும் முக்கியம். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கில், காசோலை 1 கோடி ரூபாய்க்கு இருந்தது. நோட்டீசில் 2 கோடி என்று கேட்கப்பட்டிருந்தது. தட்டச்சுப் பிழை என்று சொல்லிப் பார்த்தும் பயனில்லை. நோட்டீஸ் செல்லாது, எனவே வழக்கும் நிற்காது என்று தீர்ப்பாயிற்று. மொத்தப் பாக்கி, வட்டி, லாரி வாடகை எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் கூட்டி, காசோலைத் தொகையைத் தனியே சொல்லாமல் எழுதும் கடிதங்களுக்கும் இதே ஆபத்து உண்டு. நோட்டீசை யார் எழுதினாலும் சட்டம் ஒன்றுதான். எனவே வக்கீல் அனுப்பும் நோட்டீசிலும் தொகை, காசோலை எண், தேதி ஆகியவற்றை நீங்கள் ஒருமுறை சரிபாருங்கள்.

பழைய நோட்டீஸ் நகலைப் பார்த்து எழுதுவதும் தவறில் முடியும். காசோலையின் ஆயுள் 6 மாதமாக இருந்தது 2012இல் 3 மாதமாயிற்று. நோட்டீஸ் கெடு 15 நாளாக இருந்தது 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 30 நாளாயிற்று. நாம் நம் கணக்கில் போட்டு வசூலுக்கு அனுப்பும் காசோலைக்கு, அந்தக் கணக்கு உள்ள வங்கிக் கிளையின் எல்லையில்தான் வழக்குப் போட வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டுத் திருத்தம்.

பேரேட்டுப் பாக்கி

காசோலை இல்லாத கடன் பாக்கிக்கு உரிமையியல் வழக்குத்தான் வழி. சரக்கு விற்ற பணத்துக்குப் பொதுவாக 3 ஆண்டு கெடு. நாம் எத்தனை நினைவூட்டுக் கடிதம் எழுதினாலும் இந்தக் கெடு நீளாது. கெடுவுக்குள் கடன்பட்டவர் எழுதிக் கையெழுத்திட்டுப் பாக்கியை ஒப்புக்கொண்டால்தான், அன்று முதல் புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். ஆண்டுக்கு ஒரு முறை பாக்கிதாரரிடம் கணக்கு ஒப்புதல் கையெழுத்து வாங்கி வைப்பது அதனால்தான் நல்லது.

இது நமக்கு எதிராகவும் திரும்பும். மொத்த வியாபாரி பணம் கேட்டு எழுதும்போது, "பாக்கி இருப்பது உண்மைதான், சரக்கு மட்டமானதால் இப்போது தர முடியாது" என்று கோபத்தில் பதில் எழுதிவிடுகிறோம். பணம் தர மறுத்து எழுதினாலும் அது ஒப்புதலே என்று காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு விளக்கம் சொல்கிறது. காலாவதியாகப் போகும் கடனுக்கு நாமே உயிர் கொடுத்துவிடுகிறோம்.

கூட்டு வியாபாரம் செய்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், ஒப்பந்தப்படி வர வேண்டிய பணத்துக்கு வெளியார்மீது உரிமையியல் வழக்குப் போட முடியாது என்பது 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவு. கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்த ஒரு குறையால் வழக்கு தள்ளுபடியாகலாம்.

நம்மீது வழக்கு வந்தால்

நோட்டீசையோ சம்மனையோ வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பித்துவிடலாம் என்பது தவறான எண்ணம். சரியான முகவரிக்குத் தபாலில் போனதை வாங்க மறுத்தால், சேர்ந்ததாகவே நீதிமன்றம் கொள்ளும். பிறகு எதிர்த்தரப்பு இல்லாமலே தீர்ப்பாகலாம்.

நுகர்வோர் ஆணையத்தில் கெடு இன்னும் கடுமை. நோட்டீஸ் புகார் நகலுடன் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையம் மேலும் 15 நாள் வரை தரலாம். அதற்கு மேல் ஒரு நாளும் தர அதிகாரம் இல்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. "விசாரணையன்று நேரில் சொல்லிக்கொள்ளலாம்" என்று இருந்துவிட்டால் பதில் சொல்லும் உரிமையே போய்விடும்.

எதை நாமே செய்யலாம்?

எல்லாவற்றுக்கும் வக்கீலிடம் ஓட வேண்டியதில்லை. கணக்கைச் சரிபார்த்தல், பில், டெலிவரி சலான், ரிட்டர்ன் மெமோ, தபால் ரசீது ஆகியவற்றைச் சேர்த்து வைத்தல், நேரில் பேசி முடித்தல் ஆகியவை நம் வேலைதான். சமரசம் கூடினால் மக்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே ஆகும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் இல்லை. நிலுவையில் உள்ள உரிமையியல் வழக்கு அங்கே முடிந்தால், கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அப்பீல் இல்லை என்பதால் கையெழுத்திடும் முன் நிபந்தனைகளை வக்கீலிடம் காட்டுவது நல்லது.

நோட்டீஸ், அதற்குப் பதில், புகார் மனு, வழக்குரை ஆகிய நான்கையும் வக்கீலிடம் விட்டுவிடுங்கள். கட்டணத்தை முன்கூட்டியே பேசி, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். பெண் வணிகர்களும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினரும், மாற்றுத் திறனாளிகளும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். குறைந்த வருமானம் உள்ள மற்றவர்களுக்கும் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுக வேண்டும்.

காசோலை திரும்பிய அன்றே, அந்தத் தேதியைக் கடை நாட்காட்டியில் குறித்து, 30ஆம் நாளுக்கும் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். வக்கீலைப் பார்ப்பதென்றால் முதல் வாரத்திலேயே பாருங்கள். 29ஆம் நாள் போனால் அவருக்கும் செய்வதற்கு அதிகம் இருக்காது.