கையால் பூட்டிய கணிப்பொறியில் தண்டர்போல்ட்

மூணாற்றிலிருந்து அடிமாலிக்கு இறங்கும் மலைச்சாலையில் பள்ளிவாசல் இருக்கிறது. முதிரப்புழை ஆற்றின் நீரைக்கொண்டு திருவிதாங்கூர் அரசு இங்கே அமைத்த மின்நிலையம் 1940-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. தேயிலைத் தோட்டங்களை நம்பி மலையேறிவந்த தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவருகின்றன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் எல்லோரும் இன்று கொழுந்துக் கூடையைத் தூக்குவதில்லை. திருமணங்களைப் படம்பிடித்துத் தொகுத்துக் கொடுப்போரும், பாடல்களை ஒலிப்பதிவு செய்வோரும் அவர்களிடையே உண்டு. பம்பாயிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர்களின் நிலையும் இதற்கு மிக வேறுபட்டதன்று. இத்தொழிலை மேற்கொண்டவர் மனத்தில் என்றேனும் ஒரு நாள் எழக்கூடிய கேள்வியையே இன்று ஆராய எடுத்துக்கொண்டோம்.

ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணிப்பொறி விலை மிகுந்தது. அதை இயக்கும் மேக் ஓஎஸ் என்னும் இயங்குதளத்தை, நாமே உறுப்பு உறுப்பாக வாங்கிப் பூட்டிய மேசைக் கணிப்பொறியில் ஓட்ட முடியுமா? முடியுமாயின், தண்டர்போல்ட் என்னும் அதிவேக இணைப்பைக் கொண்ட ஒலிப்பெட்டிகளும் வட்டுப் பேழைகளும் அதில் ஒழுங்காக வேலை செய்யுமா?

முடியும் என்பதே விடை. ஆயினும் எந்த உறுப்புகளைக்கொண்டு, எத்தனை காலத்துக்கு, எந்த விலைக்கு என்பவற்றை அறியாமல் இவ்வேலையில் இறங்குவோர் பல மாத ஊதியத்தை ஒரு தகரப் பெட்டிக்குள் பூட்டிவைத்தவர் ஆவர்.

மேக்கின் தளம் பிறர் பூட்டிய பெட்டியில் ஓடுவது எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதை முதலில் காண்போம். 1984-இல் மேக்கின்டாஷ் பிறந்தபோது அதன் மூளை மோட்டோரோலா நிறுவனம் செய்த சில்லு. 1994-இல் பவர்பிசி என்னும் வேறு குலத்துச் சில்லுக்கு அது மாறியது. இவ்விரண்டும் நம் கடைகளில் விற்ற சாதாரணக் கணிப்பொறிகளுக்கு அந்நியமானவை. 2005 ஜூன் மாதத்தில் ஸ்டீவ் ஜாப்ஸ், இனி மேக்குகளில் இன்டெல் சில்லுகளே இருக்கும் என்று அறிவித்தார். 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக் வெளிவந்தது. அன்று முதல், சென்னை ரிச்சி தெருவில் பூட்டித் தரப்படும் கணிப்பொறிக்கும் ஆப்பிளின் கணிப்பொறிக்கும் உள்ளே இருப்பவை பெரும்பாலும் ஓரினத்து உறுப்புகளே என்றாயிற்று. எஞ்சியிருந்த வேற்றுமை, யந்திரம் கண்விழிக்கும் முதற்கணங்களில்தான். மேக்கின் இயங்குதளம் எழுந்தவுடன், "நீ ஆப்பிள் செய்த யந்திரம்தானா?" என்று சில கேள்விகளைக் கேட்கிறது. உண்மையான மேக்கில் இருக்கும் ஒரு தனிச் சில்லு அவற்றுக்கு விடை சொல்லும். நாம் பூட்டிய பெட்டியிலோ, ஓபன்கோர் என்னும் தொடக்க நிரல் அந்தச் சில்லின் குரலில் விடை சொல்கிறது. 2019 முதல் ஓபன்கோரே வழக்கில் ஓங்கியது. அதற்கு முன் க்ளோவர் என்பது பெருவழக்காய் இருந்தது. இவ்வாறு ஓடும் யந்திரத்துக்கு ஹாக்கின்டாஷ் என்று ஒரு கேலிப் பெயரும் நிலைத்துவிட்டது.

உறுப்புகளைத் தேர்வதில் தாராளத்துக்கு இடமில்லை. ஆப்பிள் தன் யந்திரங்களில் எவற்றைப் பயன்படுத்தியதோ, அவற்றுக்கு நெருங்கியவற்றையே நாமும் நாடவேண்டும். இன்டெல் சில்லுகளில் பத்தாம் தலைமுறையோடு மேக்கின் இயல்பான உறவு முடிந்துவிடுகிறது; 2020-இல் வந்த ஐமேக் அத்தலைமுறையைச் சேர்ந்தது. திரைக்கு உருவம் வரையும் அட்டையோ ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 580, ஆர்எக்ஸ் 6600 போன்றதாய் இருக்கவேண்டும். என்விடியா அட்டை எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயினும், 2018-இல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து, பழைய சில மாதிரிகள் நீங்கலாக, அதற்கு இங்கே வேலையில்லை. இதை அறியாமல், விளையாட்டுக்கு வாங்கிய நல்ல அட்டையை வைத்துக்கொண்டு இரவு பகலாக முயன்று சோர்வோர் பலர்.

இனித் தண்டர்போல்ட்டுக்கு வருவோம். நாம் எல்லோரும் அறிந்த யுஎஸ்பி இணைப்பு, தெருக்குழாயைப் போன்றது. குடத்தோடு வரிசையில் நின்று, முறை வரும்போது நீர் பிடிக்கவேண்டும். தண்டர்போல்ட்டோ, மலைமேலிருந்து பள்ளிவாசல் மின்நிலையத்துச் சுழலிக்கு நேரே இறங்கும் பெருங்குழாயைப் போன்றது. கணிப்பொறியின் தாய்ப்பலகைக்குள் சில்லுக்கும் அட்டைகளுக்கும் இடையே ஓடும் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்னும் உள்வழியையே அது வெளியே நீட்டிக் கொடுக்கிறது. அதனோடு திரைக்கு வேண்டிய காட்சிக் குறிகளையும் அதே கம்பியில் ஏற்றிச் செல்கிறது. ஆதலால் தண்டர்போல்ட்டில் பூட்டிய கருவி வெளியே மேசைமேல் இருந்தாலும், பெட்டிக்குள்ளேயே செருகிய அட்டை போல நடந்துகொள்கிறது. பாடகர் ஒலிவாங்கியில் பாடும் குரல் கணிப்பொறிக்குள் சென்று அவர் காதுக்குத் திரும்பி வரும் தாமதம், நல்ல கருவியாயின், உணர முடியாத அளவுக்குக் குறைகிறது.

இன்டெல் நிறுவனம் ஆப்பிளோடு சேர்ந்து 2011-இல் இதனை வெளியிட்டது. அப்போது ஒரு தடத்தில் நொடிக்கு 10 ஜிகாபிட் சென்றது. 2013-இல் 20, 2015-இல் வந்த மூன்றாம் பதிப்பில் 40 என வேகம் வளர்ந்தது. 2020-இன் நான்காம் பதிப்பு வேகத்தைக் கூட்டவில்லை. கருவி செய்வோர் கட்டாயம் தரவேண்டியவற்றை மட்டும் கூட்டிற்று. 2023-இல் அறிவிக்கப்பட்ட ஐந்தாம் பதிப்பு 80 ஜிகாபிட்டை எட்டுகிறது. மூன்றாம் பதிப்பு முதல் இதன் செருகுவாய், இன்றைய கைப்பேசிகளில் காணும் யுஎஸ்பி-சி வாயேதான். வாய் ஒன்றாயிருப்பதால் வயிறும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. மின்னல் குறி பொறித்திராத கம்பியை மலிவென்று வாங்கி, கருவி பழுதென்று எண்ணி ஏமாறுவது எளிது.

கையால் பூட்டிய யந்திரத்தில் மிகக் கடினமான பகுதி இதுவே. தோட்டத்தில் காலையில் மஸ்டர் எடுக்கும்போது பெயர் கொடாதவருக்கு அன்று வேலையில்லை அல்லவா? கணிப்பொறியும் அவ்வாறே. கண்விழிக்கும்போது தன் உள்வழியில் யார் யார் இருக்கின்றார்கள் என்று எண்ணி, ஒவ்வொருவருக்கும் எண்ணும் இடமும் ஒதுக்கிவிடுகிறது. தண்டர்போல்ட் கருவியோ நடுப்பகலில் வந்து நிற்கும். மாலையில் சொல்லாமற் போய்விடும். அப்படி வருபவருக்கென்று முன்கூட்டியே இடம் ஒதுக்கிவைக்கும் பொறுப்பு ஒருவருக்கு இருந்தாகவேண்டும். மூன்றாம் பதிப்புவரை, சாதாரணக் கணிப்பொறிகளில் அப்பொறுப்பு தண்டர்போல்ட் சில்லுக்குள் எழுதப்பட்ட நிரலிடமே இருந்தது. ஆப்பிளின் யந்திரங்களில் மேக் ஓஎஸ்ஸே அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டது. இரண்டு மேற்பார்வையாளர்கள் ஒரே வயலில் நின்றால் என்ன நேருமோ அதுவே ஹாக்கின்டாஷில் நேர்கிறது. யந்திரத்தைத் தொடங்குமுன் செருகிய கருவி வேலை செய்யும். நடுவில் பிடுங்கிச் செருகினால் அது காணாமற் போகும்.

இதற்கு மாற்று கண்டவர்கள் உண்டு. கிகாபைட் நிறுவனத்தின் டைட்டன் ரிட்ஜ் அட்டையை வாங்கித் தாய்ப்பலகையில் செருகுவார்கள். அல்லது அதே சில்லைத் தன்னிடமே கொண்ட இசட்390 டிசைனேர் போன்ற பலகையைத் தேர்வார்கள். தனி அட்டையாயின், உருவ அட்டையிலிருந்து ஒரு சிறு கம்பியால் காட்சிக் குறியை அதற்குள் கொண்டுவரவேண்டும். இன்றேல் தண்டர்போல்ட் வழியே திரை ஒளிராது. அதன்பின், தண்டர்போல்ட் சில்லின் அருகேயுள்ள எட்டுக்கால் நினைவகச் சில்லைக் கவ்வியால் பிடித்து, சிஎச்341ஏ என்னும் சிறு எழுதுகருவியைக் கொண்டு, திருத்திய நிரலை அதில் எழுதுவார்கள். அந்நிரல் மேற்பார்வைப் பொறுப்பை மேக் ஓஎஸ்ஸிடம் ஒப்படைத்து ஒதுங்கிக்கொள்கிறது. கருவிகளின் வரவையும் போக்கையும் விளக்கும் ஒரு பட்டியலையும் ஓபன்கோருக்குள் சேர்த்துவிட்டால், உண்மையான மேக்கில் நடப்பது போலவே செருகலாம், பிடுங்கலாம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். சில்லில் முதலில் இருந்த நிரலைப் படித்துப் பத்திரமாய் வைத்துக்கொள்ளாமல் புதியதை எழுதுதல் ஆகாது. மேலும், அந்த எழுதுகருவியின் மலிவுப் பதிப்புகள் சிலவற்றில், 3.3 வோல்ட் தாங்கும் சில்லுக்கு 5 வோல்ட் பாய்ந்துவிடுவது உண்டு. ஓர் அட்டையின் விலை அந்த ஒரு கணத்தில் போய்விடும்.

சட்டத்தின் நிலை என்ன? மேக் ஓஎஸ்ஸின் உரிம ஒப்பந்தம், ஆப்பிளின் பெயர் தாங்கிய கணிப்பொறியில் மட்டுமே அதை நிறுவலாம் என்று சொல்கிறது. அமெரிக்காவில் சைஸ்டார் என்னும் நிறுவனம் 2008-இல் இத்தகைய யந்திரங்களைப் பூட்டி விற்க முற்பட்டது. ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. 2009-இல் தீர்ப்பு ஆப்பிள் பக்கம் சென்று விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. 2011-இல் மேல்முறையீட்டு மன்றமும் அதனை உறுதிசெய்தது. வீட்டில் தனக்கென்று பூட்டிப் பார்ப்போர் மேல் இத்தகைய நடவடிக்கை வந்ததாகப் பெரிதும் பேசப்படுவதில்லை. ஆயினும் ஒப்பந்தத்தை மீறுகிறோம் என்பதை அறிந்தே செய்யவேண்டும். வாடிக்கையாளரிடம் பணம் பெற்று நடத்தும் தொழிலை அதன்மேல் கட்டுவது விவேகமன்று என்பது என் கருத்து.

சட்டத்தைவிட வலியது காலம். 2020 நவம்பரில் ஆப்பிள் தானே வடிவமைத்த எம்1 சில்லோடு புது மேக்குகளை வெளியிட்டது. 2023-இல் மேக் ப்ரோவும் மாறியதோடு இன்டெல் மேக்கின் விற்பனை முடிந்தது. 2025 ஜூன் மாதத்தில், டஹோ என்னும் 26-ஆம் பதிப்பே இன்டெல் மேக்குகளுக்குக் கிட்டும் இறுதிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்தது. அப்பதிப்பும் நான்கே நான்கு இன்டெல் மாதிரிகளை மட்டும் ஏற்கிறது. இன்டெல்லுக்கென்று எழுதப்படாத இயங்குதளத்தை எந்தத் தொடக்க நிரலாலும் அதன்மேல் ஏற்ற இயலாது. 2006-இல் திறந்த கதவு மெல்லச் சாத்தப்படுகிறது.

ஆகவே, இன்று புதிதாய்ப் பணம் போட எண்ணுவோர் கணக்குப் பார்க்கவேண்டும். எம்4 சில்லுடைய சிறிய மேக் மினி, 2024 நவம்பரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது அதன் தொடக்க விலை 59,900 ரூபாய். 16 ஜிகாபைட் நினைவகமும் பின்புறத்தில் மூன்று தண்டர்போல்ட் 4 வாய்களும் அதில் உள்ளன; கவ்வியும் எழுதுகருவியும் தேவையில்லை. குறை ஒன்று உண்டு, அது சிறிய குறையன்று. வாங்கும்போது உள்ள நினைவகத்தைப் பின்னர் கூட்ட இயலாது. பழுதுற்றால் மலையிறங்கிக் கொச்சிக்கோ வேறு பெருநகருக்கோ எடுத்துச் செல்லவேண்டும். கையால் பூட்டிய யந்திரத்தில் கெட்டுப்போன உறுப்பை மட்டும் தபாலில் வரவழைத்து, நாமே மாற்றிக்கொள்ளலாம். தொலைவில் வாழ்வோருக்கு இதன் அருமை தெரியும். பூட்டுவதில் உள்ள நியாயமெல்லாம் இதுவே என்றும் சொல்லலாம்.

ஏற்கெனவே பொருத்தமான பலகையும் ஏஎம்டி அட்டையும் வீட்டில் வைத்திருப்போர் நிலை வேறு. அவர்கள் கற்கும் ஆவலால் முயன்று பார்க்கலாம். கற்பதற்கு இதைப்போன்ற பள்ளிக்கூடம் அரிது. ஆனால் அதே பெட்டியில் லினக்ஸ் அல்லது விண்டோஸ் இயங்குதளத்தை ஓட்டினாலும் தண்டர்போல்ட் அட்டை வேலை செய்யும். அவ்விரண்டிலும் சில்லின் நிரலை மாற்றி எழுதும் தொல்லை இல்லை. ஒன்றை மட்டும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். தண்டர்போல்ட் ஒலிப்பெட்டிகளில் சில மேக்குக்கு மட்டுமே ஓட்டுநிரல் தருகின்றன. அட்டைப்பெட்டியின்மேல் எந்த இயங்குதளத்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது என்று படித்த பிறகே பணத்தை எடுக்கவேண்டும்.

பெயரில் மட்டுமன்றி வானத்திலும் இடியைக் காண்பவர்கள் இடுக்கி மலைவாசிகள். ஏப்ரல், மே மாதங்களிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மாலை நேரத்து இடிமின்னல் அங்கே வழக்கம். மின்கம்பி வழியாகவும் இணையக் கம்பி வழியாகவும் அது வீட்டுக்குள் புகும். தண்டர்போல்ட் கம்பி பெரும்பாலும் செம்பினால் ஆனதாதலின், ஒரு கருவியைத் தாக்கிய மின்வீச்சு அடுத்த கருவிக்கும் தாவக்கூடும். நிலத்தொடர்பு சரியாக உள்ளதா என்று மின்பணியாளரைக்கொண்டு பார்த்து, யுபிஎஸ் ஒன்றையும் வைத்துக்கொள்வது நல்லது. இடிமழை நெருங்குமுன்பே செய்துகொண்டிருக்கும் வேலையைச் சேமித்து, வட்டுப் பேழையைத் திரையில் முறைப்படி வெளியேற்றி, யந்திரத்தை அணைத்து, மின்செருகியையும் இணையக் கம்பியையும் தண்டர்போல்ட் கம்பியையும் கழற்றிவிடவேண்டும்.