ஒரே நிரல், இரண்டு இயக்க அமைப்புகள்

கண்ணமங்கலத்தில் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். ஜவ்வாது மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வரும் மாணவி, இரு கணினிகளுக்கிடையே செய்தி அனுப்பும் நிரலைச் சி++ மொழியில் எழுதினாள். பள்ளி ஆய்வகத்தின் விண்டோஸில் அது நன்றாக இயங்கியது. வீட்டில் அக்காவுக்கு அரசு தந்த மடிக்கணினி. அதில் பாஸ் லினக்ஸைத்தான் பயன்படுத்துகிறார்கள். அங்கே நிரல்பெயர்ப்பி முதல் வரியிலேயே பிழை காட்டியது. "எனக்கு இதெல்லாம் வராது சார்" என்றாள். தவறு அவளுடையதன்று.

சாக்கெட் என்பது வலையமைப்பில் ஒரு நிரல் பேசும் வாயில். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் 1983இல் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பில் இம்முறை வந்தது. லினக்ஸ் அதைப் பின்பற்றுகிறது. விண்டோஸுக்கு 1993இல் வெளியான வின்சாக் 1.1 அதையே தழுவினாலும் சில இடங்களில் விலகியது. இருவரும் அமர்ந்து பட்டியலிட்டோம்:

1. தலைப்புக் கோப்பு: விண்டோஸில் 'வின்சாக்2', லினக்ஸில் 'சிஸ்/சாக்கெட்' முதலியன.
2. தொடக்கம்: விண்டோஸில் முதலில் 'டபிள்யூஎஸ்ஏ ஸ்டார்ட்அப்' அழைக்க வேண்டும், லினக்ஸில் தேவையில்லை.
3. மூடுதல்: விண்டோஸில் 'க்ளோஸ்சாக்கெட்', லினக்ஸில் 'க்ளோஸ்'.
4. பிழை எண்: விண்டோஸில் 'டபிள்யூஎஸ்ஏ கெட்லாஸ்ட்எரர்', லினக்ஸில் 'எர்நோ'.

இணைத்தல், அனுப்புதல், பெறுதல் ஆகியவை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே இந்த நான்கையும் நிரல் முழுவதும் சிதறவிடாமல் தனிக்கோப்பு ஒன்றில் வைக்கச் சொன்னேன். எந்த இயக்க அமைப்புக்கு எந்த வரி என்பதை அங்குள்ள '#இஃப்டெஃப்' கட்டளை தெரிவு செய்யும். பைத்தானின் சாக்கெட் தொகுதி நமக்காக உள்ளே செய்வதும் ஏறக்குறைய இதுவே.

மறுநாள் நிரல் இரண்டிலும் இயங்கியது. ஆய்வகத்தில் இயங்கியதும் மதிப்பெண் இட்டுவிடாமல், "உங்கள் வீட்டுக் கணினியில் இயங்கியதா?" என்றும் கேட்போம்.