ஏட்டுச் சுரைக்காய் எப்போது கறியாகும்?

தோழனே!

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பவர் டேபிள் டெய்லராக இருக்கும் நண்பர் ஒருவரைச் சந்தித்தேன். பிழைக்க வந்த குடும்பம். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். இரண்டரை வயதுப் பையனை யார் கவனிப்பது என்று கேட்டேன். "மூத்தவள் பார்த்துக்கொள்கிறாள்" என்றார். மூத்தவளுக்கு வயது ஒன்பது! தம்பியை இடுப்பில் ஏற்றியவள் புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டாள்.

"அங்கன்வாடி இல்லையா?" என்றேன்.

"நம்மைச் சேர்ப்பார்களா? ரேஷன் கார்டு ஊரில் அல்லவா இருக்கிறது!" என்றார்.

விசாரித்தோம். மூன்றாவது தெருவில் இருக்கிறது மையம்! அந்த மூன்று தெருவைக் கடக்க அக்குடும்பத்துக்கு ஓராண்டு ஆயிற்று. ஒரு சிறுமியின் ஓராண்டுப் படிப்பு போயிற்று. யார் குற்றம் இது? இரவு ஷிப்டு முடித்து வந்து கண்ணயர்ந்தவன் குற்றமா? இல்லை! திட்டம் தீட்டினார்கள், பலகை மாட்டினார்கள். கைப்பிடித்து அழைத்துப்போக ஆளில்லை!

நம் நாட்டில் இது புதுக்கதையா? 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்குப் பகலுணவு தந்தது. 1975-இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் வந்தது. 1982-இல் வந்த சத்துணவு, பள்ளி வாசலை எட்டாத சிறுபிள்ளைக்கும் சோறிட்டது. நூறாண்டாகப் போட்ட பாதை, தோழனே! பாதை இருந்தும் பயணி வழி தெரியாமல் நிற்பதா?

என்னென்ன உண்டு, கேள். அங்கன்வாடியில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும், கருவுற்ற தாய்க்கும், பாலூட்டும் தாய்க்கும் இடமுண்டு. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குச் சத்துமாவு. இரண்டு வயதானால் மதிய உணவு. அத்துடன் எடை பார்ப்பது, தடுப்பூசி, பாட்டு, விளையாட்டு. வறுமைக்கோட்டுச் சான்று காட்டினால்தான் சேர்ப்போம் என்று சொல்லக்கூடாது என 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது பிச்சையல்ல, 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை!

மையமே இல்லாத குடியிருப்பா? 2006 டிசம்பர் 13-இல் அதே நீதிமன்றம் ஆணையிட்டது: ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்து மையம் இல்லையென்றால், கிராமத்தாரும் குடிசைவாசிகளும் கேட்கலாம், கேட்ட மூன்று மாதத்துக்குள் தரவேண்டும். கேட்டால்தானே, தோழனே!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2006-இல் 6,000 ரூபாய், 2011-இல் 12,000, 2018-இல் 18,000 என உயர்ந்தது. ஏழைத் தாயின் முதல் இரண்டு பேறுகளுக்கு இது உண்டு. ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகம். ஆனால் கருவுற்ற தொடக்கத்திலேயே சுகாதார செவிலியரிடம் பதிந்து 'பிக்மி' எண் பெற வேண்டும். அந்த எண்ணைக் கேட்கத் தெரியாதவளுக்குப் பதினெட்டாயிரம் ஏட்டுச் சுரைக்காய்தான்!

ஆகவே உன் வேலை இது. மேடை போடுகிறாய், சுவரொட்டி ஒட்டுகிறாய், நன்று! இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உன் தெருவில் இறங்கு. வீட்டுக்கு வீடு கேள்: ஆறு வயதுக்குள் எத்தனை பேர்? அங்கன்வாடியில் சேர்ந்தார்களா? கருவுற்ற தாய் பதிந்தாளா? பதியாதவளை நீயே, உன் துணைவியாரோடு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போ. நாற்பது பேர் தேறி மையம் இல்லையென்றால் மனு எழுது, நகல் வைத்துக்கொள், மூன்று மாதத்தை நாட்காட்டியில் குறித்துவை. படிப்பகச் சுவரில் எழுதிப்போடு: அவசர ஊர்திக்கு 108, குழந்தைக்கு ஆபத்தென்றால் 1098.

திருப்பூர்த் தம்பி இப்போது மையத்தில் பாட்டுப் பாடுகிறான். அக்காள் பள்ளிக்குப் போகிறாள். ஒரு வகுப்புப் பின்தங்கித்தான் போகிறாள். அந்த ஓராண்டை எந்த அரசாணையும் அவளுக்குத் திருப்பித் தராது. உன் தெருவில் இன்னொருத்தி பையை இறக்கி வைக்குமுன் போய்ச் சேர், தோழனே!