சவலை என்றால் என்ன?

கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி. மடியில் ஒன்றரை வயதுப் பேரன் 'நை நை' என்று அழுதபடி இருந்தான்.

"ஜுரமா பாட்டி?"

"ஜுரமெல்லாம் இல்லம்மா. இவங்கம்மா மறுபடி முழுவாம இருக்கா. பால நிறுத்திட்டா. புள்ள சவலயாப் பூட்டான்."

இளைப்பு என்றால் போதாது. ஏக்கம் என்றாலும் போதாது. பிடிவாதம் என்று தள்ளவும் முடியாது. மூன்றும் கலந்ததுதான் சவலை. ஆப்பிரிக்காவில், கானா நாட்டுக் 'கா' மொழியிலும் இப்படி ஒரு சொல் உண்டு: குவாஷியார்கர். அடுத்த குழந்தை வந்ததும் முந்தியதைப் பிடிக்கும் நோய் என்று அர்த்தம். அங்கே வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற லேடி டாக்டர், 1935-ல் அந்தப் பெயரையே மருத்துவ உலகுக்குத் தந்தார். டாக்டர்களுக்கும் வேறு சொல் அகப்படவில்லை போலும்!

கர்ப்பம் தரித்தால் பால் கெட்டுவிடும் என்பது தவறு. பெரும்பாலோர் தொடர்ந்து கொடுக்கலாம். முன்பு குறைப்பிரசவம் ஆனவர்களும், ரத்தப்போக்கு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்கு வெறும் சாமைக் கஞ்சி பற்றாது. பருப்பு, முட்டை, கொஞ்சம் எண்ணெயும் சேரட்டும். பாதம் வீங்கி, அழுத்தினால் குழி விழுகிறதா? அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

பஸ் வருவதற்குள் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப பாலக் குடுக்கச் சொல்லட்டுமா?" என்று பாட்டி மூன்று தடவை கேட்டுக்கொண்டார்.