வயல்களுக்கு நடுவே ஒரு பௌத்தக் குன்று

கடாரம் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது இராஜேந்திர சோழனின் படையெடுப்புதான். பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் 1025-ஆம் ஆண்டை முழங்காத மாணவர்கள் குறைவு. அந்தக் கப்பல்கள் வருவதற்கு முன்பு இங்கே யார் வாழ்ந்தார்கள், எதை வணங்கினார்கள் என்று கேட்டால்தான் மேடை அமைதியாகிவிடும்.

அதற்கான பதிலில் ஒரு பகுதி, கெடா மாநிலம் யான் வட்டாரத்தில் புக்கிட் சோராஸ் என்னும் சிறு குன்றில் இருக்கிறது. சுற்றிலும் நெல்வயல்கள். தெற்கே 1,217 மீட்டர் உயரத்தில் குனோங் ஜெராய் மலை. அக்காலத்தில் கடற்கரை இன்றைவிட உள்ளே தள்ளி இருந்தது. அந்த மலையைக் கண்டே மாலுமிகள் கரையை அடையாளம் கண்டார்கள்.

போரோபுடூர் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, "இவ்வளவுதானா?" என்று தோன்றலாம். குன்றின் மேல் எஞ்சியிருப்பது ஏறக்குறைய 1,200 ஆண்டுகள் பழமையான ஒரு பௌத்தத் தூபியின் அடிப்பகுதி. 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆய்வாளர் இங்கே சிறிதளவு தோண்டிப் பார்த்தார். பிறகு பல்லாண்டுகள் புதர் மூடிக் கிடந்தது. 2023-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு அகழாய்வு செய்தபோது, ஆளுயரப் புத்தர் சுதைச் சிற்பங்கள் இரண்டு கிடைத்தன. பல்லவ எழுத்தில் பொறித்த கல்வெட்டும் கிடைத்தது. தமிழ்நாட்டுப் பல்லவர்களின் பெயரால் நாம் அழைக்கும் அதே எழுத்துதான்!

கடாரத்துக்கும் சோழர்களுக்கும் போர் மட்டுமே உறவாக இருந்ததில்லை. கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரை என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினார். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக அளித்தவர் முதலாம் இராஜராஜ சோழன். அவர் சைவர், கொடையோ புத்தருக்கு. ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்துத்தான் அவர் மகனின் படை இங்கே வந்தது. பேச்சுப் போட்டிகளில் இந்த முதல் பாதியை ஏனோ நாம் விட்டுவிடுகிறோம்.

இத்தகைய இடங்கள் எப்போதும் இப்படியே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. பூஜாங் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டி, ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நின்ற கட்டுமானம். தனியார் நிலத்தில் இருந்த அது, வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இடிக்கப்பட்டுவிட்டது. 2013 இறுதியில் செய்தி வெளிவந்தபோது அங்கே பார்ப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

விடுமுறையில் வடக்கே போகும் மாணவர்கள், முதலில் மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போவது நல்லது. புக்கிட் பத்து பகாட் சண்டியும் அதே வளாகத்தில்தான் உள்ளது. புக்கிட் சோராஸ் அகழாய்வு நடந்த இடம். அன்று மேலே ஏறலாமா என்று அருங்காட்சியகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.